கனடா பனியன் போட்ட எங்கள் ஹாக்கி டீம்

மில் கேட்டில் பூட்டு விழுந்த அன்று என் கால் பேடு உள்ளே மாட்டிக்கொண்டது. கால் பேடு என்பது ஹாக்கியில் கோல்கீப்பர் முழங்காலுக்கு மேல்வரை கட்டிக்கொள்கிற தடித்த மெத்தை. கேன்வாஸ் துணிக்குள் பிரம்பும் பஞ்சும் வைத்துத் தைத்திருப்பார்கள். ஹாக்கிப் பந்து கருங்கல் மாதிரி வரும். பேடு இல்லாமல் கோலில் நின்றால் ஆட்டம் முடிந்து நேராக ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும்.

கேட்டுக்கு வெளியே பந்தல் போட்டு எல்லோரும் உட்கார்ந்திருந்தபோது, சம்பளம், பி.எஃப்., பிள்ளைகளின் பள்ளிக்கூடம் என்று பேச எவ்வளவோ இருந்தது. நானும் பேசினேன். ஆனால் இடையிடையே கம்பி கேட் வழியாக ஸ்டோர் ரூம் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் டீமின் மட்டைகள், பந்துகள், என் பேடு எல்லாம் அதற்குள் இருந்தன.

என் அப்பா அன்னூர்ப் பக்கம் தோட்டங்களில் கூலிக்குப் போனவர். நான் படித்த மிஷன் பள்ளிக்கூடத்தில் ஹாக்கி மைதானம் இருந்தது, அதனால் கையில் மட்டை வந்தது. மட்டை கையில் இருந்ததால் கோயமுத்தூரில் மில் வேலை வந்தது. அப்போதெல்லாம் தங்கள் பெயரில் ஒரு ஹாக்கி டீம் இருப்பதை மில்காரர்கள் கௌரவமாக நினைத்தார்கள். நன்றாக ஆடுகிறவனைக் கூப்பிட்டு வேலை கொடுத்து, தொழிலை அங்கேயே கற்றுக்கொடுப்பார்கள். நான் எலக்ட்ரீஷியன் ஆனது அப்படித்தான்.

எங்கள் டீமில் சென்டர் ஹாஃப் ஆடியவன் அன்னூரில் தோட்டம் துரவு உள்ள குடும்பம். அவர்கள் வீட்டில் என் அப்பா கொல்லைப்புறத்துப் பொடக்காளியைத் தாண்டி உள்ளே போனதில்லை. பின்வாசலோடு அவருக்கு வேலை முடிந்துவிடும். மைதானத்தில் அவனும் நானும் ஒரே சொம்பைத் தூக்கித் தண்ணீர் குடித்தோம். அதைப் பற்றி அவன் ஒரு வார்த்தை பேசியதில்லை. நானும் பேசியதில்லை. வெயிலில் ஆடிவிட்டு வருகிறவனுக்குச் சொம்பு மட்டும்தான் கண்ணில் தெரியும். ஹாக்கிக்கு நான் பட்டிருக்கும் நன்றிக்கடன்களில் இது முதலாவது.

கோயமுத்தூர் சீனியர் லீக் என்பது பள்ளி, கல்லூரியெல்லாம் தாண்டி, வேலைக்குப் போய்க்கொண்டிருக்கும் ஆட்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் ஆடுகிற ஆட்டம். யாருக்கும் இதற்கென்று சம்பளம் கிடையாது. நான் சேர்ந்த புதிதில் மில் டீம்களே பாதி இருந்தன. போக, போலீஸ்காரர்கள், பஸ் டிப்போக்காரர்கள், தபால் ஆபீஸ், பேங்க், பம்ப் கம்பெனி, சர்ச் இளைஞர்கள். தொண்ணூறுகள் பிறந்த பிறகு ஒவ்வொரு வருடமும் ஒரு டீம் குறைந்தது. மில் மூடினால் டீம் போகும். பேங்கில் புதிதாக ஆள் எடுக்காவிட்டால் இருக்கிறவர்களுக்கு வயிறு பெருத்து டீம் போகும். மற்ற ஊர்களிலும் அதே கதைதான் என்று ஆடப் போய் வந்தவர்கள் சொல்வார்கள். ஒரு வருடம் அரையிறுதியே கிடையாது. நேராகப் பைனல் வைத்துவிடலாம் என்று செயலாளர் சொன்னபோது சிரித்தோம். உள்ளுக்குள் யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

எங்கள் மில் மூடியது தொண்ணூறுகளின் நடுவில். சில மாதங்களில் பந்தல் காலியானது. ஆளுக்கொரு திசையாகப் போனோம். நான் பல்லடத்தில் ஒரு விசைத்தறிக் கூடத்துக்கு மோட்டார்களைப் பார்த்துக்கொள்ளப் போனேன். சென்டர் ஹாஃப் தோட்டத்துக்கே திரும்பினான். லெஃப்ட் பேக் ஆடியவர் மேட்டுப்பாளையத்தில் காய்கறி மண்டியில் சேர்ந்தார். ரைட் விங்கில் ஓடுகிறவன், எங்களில் மிக வேகமானவன், திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் செக்‌ஷனுக்குப் போனான். தைத்து வரும் பனியன்களை விரித்துப் பார்த்து, ஓட்டை, கறை, தையல் பிசகு உள்ளதைத் தனியாக எடுத்து வைக்கிற வேலை.

அந்த வருட லீக்குக்கான கூட்டம் ஒரு பள்ளிக்கூடத்து டிரில் மாஸ்டர் அறையில் நடந்தது. எதற்கும் போய்ப் பார்ப்போம் என்று நானும் ரைட் விங்கும் போனோம். செயலாளர் தபால் ஆபீஸில் வேலை பார்த்தவர், மென்மையான மனிதர். எங்களைப் பார்த்ததும் அவருக்கு முகம் வாடிவிட்டது.

“மில்லு இல்லீங்களே. அப்பறம் எந்தப் பேருல உங்கள சேர்க்கறதுங்க? ஒரு கம்பெனி இருக்கோணும், இல்லீன்னா பதிவு பண்ணுன கிளப்பு இருக்கோணும். விதி அப்படி இருக்குதுங்க” என்றார்.

நான் எழுந்துவிட்டேன். அப்போது அறையின் மூலையிலிருந்து பஸ் டிப்போ டீமின் கோல்கீப்பர் வாயைத் திறந்தார். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி மலைப்பாதையில் பஸ் ஓட்டுகிறவர். குரல் எப்போதும் எஞ்சின் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய குரல். வருடக்கணக்காக எனக்கு எதிர்க் கோலில் நின்றவர். ஆட்டத்தின்போது நாங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் தூரத்திலேயே பார்த்துக்கொண்டவர்கள்.

“ஏனுங்க, மில்லத்தானுங்க மூடிப்போட்டாங்க. ஆளுகள மூடலீங்களே? அவிய முழுசாத்தான உக்காந்திருக்காங்க” என்றார். “இவிய டீமும் போச்சுன்னா ஞாயித்துக்கெழம நாங்க யாரோடங்க ஆடறது? எங்களுக்குள்ளயே ரெண்டாப் பிரிஞ்சு ஆடிக்கறதுங்களா?”

போலீஸ் டீம்காரர் ஒருவர் சிரித்தார். சர்ச் டீமிலிருந்து ஒருவர் “விதிய ஒரு வருசத்துக்குத் தள்ளி வையுங்க” என்றார். செயலாளர் இதற்காகவே காத்திருந்ததுபோல் தலையாட்டினார். எங்களைப் பெயர் இல்லாமலே சேர்த்துக்கொண்டார். “பேரு பின்னால பாத்துக்கலாமுங்க.”

வெளியே வந்ததும் பஸ்காரரிடம் நன்றி சொன்னேன். அவர் அதைக் காதில் வாங்காமல், “பேடு உள்ள மாட்டிக்கிச்சுங்களாமா?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். “எங்க ஆட்டம் காத்தால, உங்க ஆட்டம் சாய்ங்காலம்னு போடச் சொல்லிப்போடறேன். என்றத நீங்க கட்டிக்குங்க. கொஞ்சம் ஈரமா இருக்கும். பாத்துக்குங்க” என்றார்.

அந்த சீசன் முழுக்க அவருடைய வியர்வை ஊறிய பேடைக் கட்டிக்கொண்டுதான் நான் கோலில் நின்றேன். அவர் என்னைவிட உயரம். பேடு என் தொடையில் பாதிக்கு வரும். மட்டைகள் போலீஸ் டீமிலிருந்தும் சர்ச் டீமிலிருந்தும் வந்தன. பந்து செயலாளர் கொடுத்தார். பனியன்தான் இல்லை. எல்லோருக்கும் ஒரே நிறத்தில் சட்டை இல்லாமல் லீக்கில் இறங்க முடியாது.

அந்தக் குறையை ரைட் விங் தீர்த்துவைத்தான். ஒரு சனிக்கிழமை மாலை திருப்பூரிலிருந்து ஒரு மூட்டையோடு நேராக என் வீட்டுக்கு வந்தான். அவிழ்த்தால் மஞ்சள் நிறத்தில் டி-ஷர்ட்டுகள். எல்லாவற்றின் நெஞ்சிலும் ஒரே படம். ஒரு பெரிய சிவப்பு இலை. அதன் முன்னால் கையில் வளைந்த நீள மட்டையோடு ஒருவன் குனிந்து நிற்கிறான். பின்னால் கோலில் ஒருவன், உடம்பெல்லாம் மெத்தையைச் சுற்றிக் கட்டியதுபோல். கீழே ஆங்கிலத்தில் சீனியர் ஹாக்கி லீக் என்று எழுதியிருந்தது.

“கனடாவுக்குப் போற ஆர்டருங்க. பிரிண்டுல தப்பு வந்து ரிஜெக்ட் ஆயிருச்சு. மிசினு தொடைக்கற துணியாக் கிழிக்கப் பாத்தாங்க. சூப்பரவைசரக் கேட்டேன், எடுத்துக்கோ, ஆனா கம்பெனிக்காரங்க கண்ணுல படாமப் பாத்துக்கோன்னுட்டாரு” என்றான்.

என்ன தப்பு என்று நான் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். என் மகள்தான் கண்டுபிடித்தாள். ஹாக்கி என்ற ஆங்கிலச் சொல்லில் கடைசிக்கு முந்தின எழுத்து விட்டுப்போயிருந்தது.

என் மனைவி ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தாள். “ஏனுங்க, இவனுக செருப்புல கத்தி இருக்குது! இத வெச்சுட்டா ஆடறாங்க?”

“அது பனிக்கட்டி மேல ஆடற ஹாக்கிங்க்கா. வழுக்கீட்டுப் போவாங்க” என்றான் ரைட் விங்.

“விழுந்தா?”

“எந்திரிச்சுக்குவாங்க.”

அடுத்த நாள் மைதானத்தில் நாங்கள் மஞ்சளாக இறங்கியதும் வேடிக்கை பார்க்க வந்தவர்கள் நெஞ்சில் இருந்த கனடாக் கொடி இலையைப் பார்த்துக் கத்த ஆரம்பித்தார்கள். “கனடா! கனடா!” பெயர் இல்லாத டீமுக்கு அன்றே பெயர் வந்துவிட்டது. செயலாளரும் அப்படியே குறித்துக்கொண்டார். சோமனூர்ப் பக்கமிருந்து ஆட்டம் பார்க்க வந்த ஒருவர் நிஜமாகவே வெளிநாட்டு டீம் வந்திருக்கிறது என்று நம்பி, எங்கள் முகங்களைப் பார்த்துக் குழம்பிப்போனாராம்.

நாங்கள் பெரிதாக ஜெயிக்கவில்லை. சேர்ந்து பயிற்சி செய்ய நேரமே இல்லை. மேட்டுப்பாளையத்திலிருந்து லெஃப்ட் பேக் பஸ் பிடித்து வந்து சேர்வதற்குள் சில நாள் ஆட்டம் தொடங்கியிருக்கும். ஆனால் ஞாயிற்றுக்கிழமை மைதானத்தின் செம்மண்ணில் இறங்கி நின்றால் மில் திறந்திருப்பதுபோலவே இருந்தது. வாரம் முழுவதும் தனித்தனி ஆளாக இருந்தவர்கள் அந்த ஒரு நாளில் பழைய ஆட்களாக ஆனோம்.

அப்படியிருக்கும்போது ஒரு ஞாயிறு காலை, பஸ் டிப்போவோடு எங்களுக்கு ஆட்டம். இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் பேடு வேண்டும் என்பதால் பஸ்காரர் தன்னுடையதை எனக்குக் கொடுத்துவிட்டு, தனக்குப் போலீஸ் டீமிடம் பழைய பேடு ஒன்றை வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தார். நான் வார் மாட்டிக்கொண்டிருந்தபோது ரைட் விங் மூச்சு வாங்க ஓடி வந்தான்.

“எல்லாரும் பனியனக் கழட்டுங்க! கழட்டித் திருப்பிப் போடுங்க!”

“என்னடா ஆச்சு?”

“அந்தக் கனடாக்காரரு வாராருங்க!”

விஷயம் இதுதான். ஆர்டர் கொடுத்த கம்பெனியிலிருந்து சரக்கைச் சோதிக்க ஒரு வெள்ளைக்காரர் திருப்பூருக்கு வந்திருந்தார். சனிக்கிழமை செக்கிங் செக்‌ஷனைப் பார்த்துக்கொண்டு வந்தவர், மூலையில் சாத்தியிருந்த ஹாக்கி மட்டையைக் கண்டு நின்றுவிட்டார். யாருடையது என்று கேட்டிருக்கிறார். இவன் பெருமையாக என்னுடையது, நாளைக்கு லீக் ஆட்டம் இருக்கிறது என்று சொல்லிவிட்டான். நான் வந்து பார்க்கலாமா என்று அவர் கேட்டதற்கும் வாங்க என்று தலையாட்டிவிட்டான். இரவு படுக்கும்போதுதான் பனியன் ஞாபகம் வந்திருக்கிறது. அழித்திருக்க வேண்டிய சரக்கு. அதைப் போட்டுக்கொண்டு ஒரு டீமே வெயிலில் ஓடுவதை அவர் பார்த்தால், கேட்டதும் எடுத்துக் கொடுத்த சூப்பர்வைசருக்கும் வேலை போகும், இவனுக்கும் போகும்.

மாற்று உடை யாரிடமும் இல்லை. வேறு வழியில்லாமல் அனைவரும் பனியனை உள்புறம் வெளியே வரும்படி திருப்பிப் போட்டுக்கொண்டோம். தையல் நூலெல்லாம் வெளியே தொங்கியது. பஸ்காரர் தன் கோலிலிருந்து எங்களைப் பார்த்து, “ஏனுங்க, அவசரத்துல எந்திரிச்சு வந்துபோட்டீங்களா?” என்று கத்தினார்.

ஆட்டம் தொடங்கிய கொஞ்ச நேரத்தில் ஒரு வெள்ளைக் கார் வந்து வேப்பமரத்தடியில் நின்றது. கனடாக்காரர் இறங்கினார். ஐம்பதை ஒட்டிய வயது, அகலமான தோள், சிவந்த முகம். கூடவே பனியன் கம்பெனியின் மெர்ச்சண்டைசர் பெண் வந்திருந்தாள். வெளிநாட்டுக்காரர்களிடம் ஆர்டர் பேசுகிற வேலை. ஈரோட்டுப் பக்கத்துப் பெண், இங்கிலீஷும் நன்றாக வரும், பேச்சில் மரியாதையும் மாறாது.

கனடாக்காரர் நேராக என் கோலுக்குப் பின்னால் வந்து நின்றுகொண்டார். நான் செம்மண்ணில் விழுந்து பந்தைத் தடுக்கும் ஒவ்வொரு முறையும் பின்னாலிருந்து பல்லைக் கடிக்கும் சத்தம் கேட்டது. அவர்கள் விழுவது பனிக்கட்டியில் அல்லவா. வழுக்கிக்கொண்டு போகும். இங்கே சரளை தோலை உரித்துவிடும்.

எங்கள் திட்டத்தைக் கெடுத்தது வெயில். கொஞ்ச நேரம் ஓடியதும் வியர்வையில் பனியன்கள் உடம்போடு ஒட்டின. துணி நனைய நனைய உள்ளே இருந்த படம் வெளியே தெரிய ஆரம்பித்தது. முதலில் சிவப்பு இலை. பிறகு மட்டையோடு குனிந்தவன். பிறகு எழுத்துகள், கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடவலம் மாறி. இடைவேளை விசில் அடித்தபோது எங்கள் எல்லோர் நெஞ்சிலும் கனடா பளிச்சென்று இருந்தது. போதாக்குறைக்கு எல்லைக்கோட்டிலிருந்து “கனடா! கனடா!” என்று கூச்சல் வேறு.

அவர் ரைட் விங்கை நோக்கி நடந்து வந்தார். நானும் பேடோடு தத்தித் தத்தி ஓடி அவன் பக்கத்தில் போய் நின்றேன். சென்டர் ஹாஃபும் வந்தான். பஸ்காரரும் அந்தக் கோலிலிருந்து இந்தக் கோலுக்கு வந்துவிட்டார். அவருக்கு இதில் எந்தச் சம்பந்தமும் இல்லை, ஆனாலும் வந்து நின்றார்.

கனடாக்காரர் விரலை நீட்டி ரைட் விங்கின் நெஞ்சில் இருந்த எழுத்துகளைத் தடவி எண்ணுவதுபோல் பார்த்தார். ஏதோ கேட்டார்.

“ஏனுங்க பனியனத் திருப்பிப் போட்டிருக்கறீங்கன்னு கேக்கறாருங்க” என்றாள் மெர்ச்சண்டைசர் பெண்.

ரைட் விங் ஒன்றையும் மறைக்கவில்லை. மில் மூடியது, சட்டை இல்லாதது, கிழிக்க இருந்த பனியனைக் கேட்டு வாங்கியது, பயந்துகொண்டு திருப்பிப் போட்டது எல்லாவற்றையும் சொன்னான். சூப்பர்வைசரை மட்டும் விட்டுவிட்டு, “நானே கேட்டு எடுத்துக்கிட்டேனுங்க” என்றான். அவள் சொல்லச் சொல்ல அவர் எங்கள் எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். பிறகு தொப்பியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார் பாருங்கள், அந்தச் சிரிப்பில் அவர் முகம் இன்னும் சிவந்து கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நாங்களும் சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் நின்றோம். முதலில் சிரித்தது பஸ்காரர்தான்.

“சரியாப் போட்டுட்டு ஆடுங்கன்னு சொல்றாருங்க. எழுத்து விட்டுப்போனது உங்க தப்பு இல்லீங்களாமா, அவிய ஆபீசுலயே டிசைனத் தப்பா அனுப்பிப்போட்டாங்களாமுங்க.”

இரண்டாம் பாதியில் பனியனை நேராகப் போட்டுக்கொண்டு ஆடினோம். அந்த சீசனில் அதைப்போல் நாங்கள் ஆடியதே இல்லை. ரைட் விங் பயம் விட்டுப்போன காலோடு ஓடினான். ஒரு கோல் போட்டோம். கடைசியில், ஃபவுலுக்குத் தண்டனையாக எதிரணிக்குக் கோலுக்கு நேராக அடிக்கக் கிடைக்கிற பெனால்டி கார்னரில் ஒரு கோலை வாங்கி, அதற்கு முன்பே வாங்கியிருந்ததோடு சேர்த்துத் தோற்றுப்போனோம். பஸ்காரர் ஓடி வந்து என்னைக் கட்டிப்பிடித்தபோது இரண்டு பேருடைய பேடுகளும் இடித்து இருவருமே விழப் பார்த்தோம்.

ஆட்டம் முடிந்ததும் கனடாக்காரருக்கு மட்டையைக் கையில் எடுத்துப் பார்க்க ஆசை. கொடுத்தோம். அவர் இடதுகைப் பழக்கத்தில் பிடித்துப் பந்தை ஓங்கி அடித்தார். அம்பயர் பழக்க தோஷத்தில் விசிலை ஊதிவிட்டார். எங்கள் மட்டைக்கு ஒரு பக்கம்தான் தட்டை. மறுபக்கம் உருண்டை, அந்தப் பக்கத்தில் பந்து பட்டால் ஃபவுல். இடதுகைக்காரருக்கு மட்டை எங்கே என்று கேட்டார். அப்படி ஒன்றுக்கு ஆட்டத்தில் அனுமதியே இல்லை என்று கேட்டதும் அவரால் நம்ப முடியவில்லை.

பிறகு எல்லோரும் பக்கத்துப் பேக்கரிக்குப் போனோம். தேங்காய் பன்னும் டீயும் வைத்துக்கொண்டு வெளியே பெஞ்சில் உட்கார்ந்தோம். என் முழங்கையில் தோல் உரிந்திருந்ததைப் பார்த்து அவர் தன் கைக்குட்டையை எடுத்துக் கொடுத்தார். அப்போதுதான் தெரிந்தது, அவரும் கோல்கீப்பர். அவருடைய ஊரில் ஒரு காகித மில். அந்த மில்லின் சீனியர் டீமில் பல வருடங்கள் கோலில் நின்றவர். அவர் பேசினார், அந்தப் பெண் சொல்லிக்கொண்டே வந்தாள். நாங்கள் கேட்டதெல்லாம் கொங்குத் தமிழில்தான்.

“இவிய ஊர்லயும் மில்ல மூடிப்போட்டாங்களாமுங்க. பசங்க எல்லாம் வேலைக்கு வேற மாநிலம் போயிட்டாங்களாமுங்க. முன்னால ஊருக்கு ஊரு டீமு இருந்துச்சாமுங்க. இப்ப ரெண்டு ஊரு சேந்து ஒரு டீமு வெக்கறாங்களாமுங்க. சில மாநிலத்துல லீக்கே நின்னுபோச்சாமுங்க. சில பக்கம் இன்னும் நல்லா நடக்குதாமுங்க, நெம்பக் கூட்டம் வருதாமுங்க. இவிய பக்கம் ஒரு ஆட்டத்துக்குப் பனியில நாள் பூராப் பஸ்சுல போயாகோணுமாமுங்க.”

“ஆடறது யாருங்க?” என்று பஸ்காரர் கேட்டார்.

“வாத்தியாருங்க, தீயணைப்புக்காரங்க, எலக்ட்ரீசியனுங்க. லாரி ஓட்டறவிய.”

“சம்பளம் தருவாங்களாமா?”

அவள் கேட்டாள். அவர் தலையை ஆட்டிச் சிரித்தபடி ஏதோ சொன்னார்.

“இல்லீங்களாமுங்க. திங்கக்கெழம காத்தால வேலைக்குப் போயாகோணுமாமுங்க. மேலெல்லாம் வலிக்குமாமுங்க. ஊட்டுக்காரம்மா திட்டுவாங்களாமுங்க.”

பெஞ்சில் இருந்த இரண்டு டீமும் சேர்ந்து சிரித்த சிரிப்பில் பேக்கரிக்காரர் எட்டிப் பார்த்தார். பஸ்காரர் எழுந்து கனடாக்காரர் கையைப் பிடித்துக் குலுக்கி, “நம்ம ஆளுங்க இவரு” என்றார். அதை மட்டும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.

எனக்கு அன்று நெஞ்சில் பாரம் குறைந்ததைச் சொல்லத் தெரியவில்லை. மில் மூடிய நாளிலிருந்து, நாங்கள் ஏதோ குறைச்சலான ஆட்கள், அதனால்தான் இப்படி ஆகிவிட்டது என்று ஒரு நினைப்பு அடிமனதில் ஓடிக்கொண்டே இருந்தது. பூமியின் மறுபக்கத்தில், பனியில், கார் வீடு வைத்திருக்கும் ஆட்களுக்கும் மில் மூடுகிறது, டீம் சிதறுகிறது, அவர்களும் இருக்கிறவர்களைச் சேர்த்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை ஆடப் போகிறார்கள் என்று கேட்டபோது நிமிர்ந்து உட்கார முடிந்தது.

கிளம்பும்போது அவர் அந்தப் பெண்ணின் காதில் ஏதோ கேட்டார். அவள் கூச்சத்தோடு சொன்னாள். “ஒரு பனியன் கெடைக்குங்களான்னு கேக்கறாருங்க. தப்பாப் பிரிண்ட் ஆனதேதான் வேணுமாமுங்க.”

ரைட் விங் அங்கேயே தன்னுடையதைக் கழற்றிவிட்டான். வியர்வையும் செம்மண்ணுமாக இருந்தது. துவைத்துத் தருகிறோம் என்றோம். அவர் கேட்கவில்லை. அப்படியே சுருட்டி அக்குளில் வைத்துக்கொண்டு காரில் ஏறினார். அடுத்த ஞாயிறு ரைட் விங் சாதாரண வெள்ளைப் பனியனோடு ஆட, செயலாளர் பார்த்தும் பார்க்காததுபோல் இருந்தார்.

பயந்ததுபோல் யாருக்கும் வேலை போகவில்லை. சூப்பர்வைசர் மட்டும் சில நாள் ரைட் விங்கிடம் பேசவில்லை. பிறகு அவரே ஒரு ஞாயிறு தன் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஆட்டம் பார்க்க வந்தார்.

அடுத்த வருடம் மெர்ச்சண்டைசர் பெண் கம்பெனி காரில் மைதானத்துக்கு வந்து ஒரு பெரிய பையை இறக்கினாள். சாம்பிள் பெட்டிகளோடு சேர்த்துக் கனடாக்காரர் அனுப்பியிருந்தார். உள்ளே ஒரு ஜோடி கால் பேடு. தடித்த தோல், ஓரமெல்லாம் தேய்ந்து கருத்திருந்தது. உள்பக்கத்தில் அந்தக் காகித மில்லின் பெயர் முத்திரையாக இருந்தது. அவர் கட்டி ஆடிய பேடுதான்.

“உங்களுக்குத்தானுங்க குடுக்கச் சொன்னாரு. அங்க இதக் கட்டிக்க ஆளில்லீங்களாமா” என்றாள்.

அம்பயர் அளவுகோல் வைத்து அகலத்தை அளந்து பார்த்துச் சரி என்றார். கனம் என்றால் அப்படி ஒரு கனம். பனி ஊருக்காகச் செய்தது, எங்கள் ஊர் சித்திரை வெயிலில் கட்டிக்கொண்டு நின்றால் காலிரண்டும் இட்லிச் சட்டியில் வெந்ததுபோல் ஆகிவிடும். ஆனால் பந்து வந்து மோதினால் வலியே தெரியாது. தொப்பென்று காலடியில் விழும். நான் முதலில் செய்த காரியம், பஸ்காரருடைய பேடைக் கழுவிக் காயவைத்து, தேங்காய் பழத்தோடு அவர் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்ததுதான். “சீர் கொண்டாந்திருக்கறீங்களா?” என்று கேட்டு, சாப்பிட வைத்துத்தான் அனுப்பினார்.

மில் திறக்கவே இல்லை. அந்த இடத்தில் இப்போது கல்யாண மண்டபம் இருக்கிறது. எனக்கு ஓர் என்ஜினியரிங் கல்லூரியில் எலக்ட்ரீஷியன் வேலை கிடைத்தது, அதுவும் லீக் செயலாளர் சொல்லித்தான். அங்கே மைதானம் இருந்தது, ஹாக்கி தெரிந்த ஆள் ஒருவர் வேண்டும் என்று தேடிக்கொண்டிருந்தார்கள். பல்லடத்துக்கு அலைந்தது நின்றது. லீக்கில் டீம்கள் மறுபடி பழைய எண்ணிக்கைக்கு வரவில்லை. ஆனால் ஒரு வருடம்கூட நிற்கவும் இல்லை. கல்லூரியில் படித்து முடித்த பையன்கள் ஒரு டீமாகச் சேர்ந்தார்கள். சர்ச் டீமும் தபால் ஆபீஸும் ஆள் போதாமல் ஒன்றாகச் சேர்ந்து, தங்களுக்குள் யார் கேப்டன் என்று ஒரு சீசன் முழுக்கச் சண்டை போட்டார்கள்.

தொண்ணூறுகள் முடியும் நேரத்தில் என் முட்டி சொன்னபடி கேட்கவில்லை. கோலை விட்டுவிட்டு அம்பயர் தேர்வு எழுதினேன். விசிலோடு நான் நின்ற முதல் ஆட்டத்தில் பஸ் டிப்போ ஆடியது. பஸ்காரர் அப்போதும் கோலில்தான். அவருக்கு எதிராக ஒரு பெனால்டி கார்னர் கொடுத்தேன். அவர் கோலைவிட்டு வெளியே வந்து, மலைப்பாதையில் எதிரே வரும் லாரிக்காரனிடம் பேசுகிற அதே குரலில் கத்தினார்.

“ஏனுங்க அம்பயரு! உங்களுக்குக் கண்ணு தெரியுதுங்களா, இல்லீங்களா? நல்லா வந்துபோட்டீங்க போங்க!”

திட்டும்போதும் ‘ங்க’ விடவில்லை. நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு, கோலுக்குத் திரும்பிப் போங்க என்று கையைக் காட்டினேன். அவர் போனார். கார்னரை அடித்தார்கள். அவர் அதைக் காலை நீட்டி அழகாகத் தடுத்துவிட்டார்.